அன்னமும் பால்மரமும்

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் தேக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, கரையில் அன்னப்பட்சி நெய்த சேலையோ, உச்சியில் அன்னம் அமர்ந்த குத்துவிளக்கோ வாங்கியதும் பயணம் முடிந்துவிடுகிறது. வாசகர்களே, அடுத்த முறை அரைநாள் கூடுதலாக ஒதுக்குங்கள். விளக்கில் கண்ட அன்னத்துக்கென்றே அங்கே ஓர் ஏரி இருக்கிறது.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பூமலை. 1859-இல் தொடங்கிய தாவரத் தோட்டம் அது. 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். மறுகோடியில் உள்ள தங்ளின் வாசலை நோக்கி நடந்தால் அன்ன ஏரி வரும். 1866-இல் அமைத்த ஏரி; பரப்பு ஒன்றரை ஹெக்டர். குளிர்நாட்டுப் பறவையான வெள்ளை அன்னத்தை ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரவழைத்து இதில் நீந்தவிட்டார்கள். ஆங்கிலேயர் இதற்கு ஊமை அன்னம் என்று பெயரிட்டனர். ஆனால் ஊமையன்று, கூட்டருகே ஆள் வந்தால் பாம்புபோல் சீறும்!

நம் புலவர்கள் பாடிய அன்னம் இதுதானா? இமயத்தைத் தாண்டிப் பறந்துவந்து, திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை குளிர்காலத்தில் இறங்கும் வரித்தலை வாத்தே அந்த அன்னம் என்று கருதுவோரும் உண்டு. எதுவாயினும், நளனுக்காகத் தமயந்தியிடம் தூது போனது அன்னம். கலைமகளுக்கு வாகனம் அன்னம். நடைக்கு உவமை அன்னம். நாம் உண்ணும் சோற்றுக்கும் அதே பெயர்! பவணந்தி முனிவர் நன்னூலில் மாணவர்களைத் தரம் பிரித்தபோது, முதல் மாணாக்கனுக்கு அன்னத்தையும் பசுவையும் உவமை சொன்னார். கடை மாணாக்கனுக்கு ஓட்டைக் குடத்தைச் சொன்னார். பாலில் கலந்த நீரை விலக்கிப் பாலை மட்டும் பருகுமாம் அன்னம். அதுபோல நல்லதைப் பிரித்துக் கொள்பவனே நல்ல மாணவன்.

உண்மையில் எந்தப் பறவையும் பாலையும் நீரையும் பிரிப்பதில்லை. பிரித்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். தொட்டியில் ஊற்றி ஆசிட் கலந்தால் ரப்பர் உறைந்து தனியே திரளும். நீர் தனியே ஒதுங்கும்.

அந்தப் பாலின் கதைக்கும் பூமலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. 1888-இல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் ஒரே வெட்டின் விளிம்பை மெல்லியதாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். ரப்பர் பயிரிடுங்கள் என்று அவர் ஓயாமல் சொன்னதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் துணிந்து நட்டார். பிறகு ரப்பர் பெருகிற்று. கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டியின் கையில் உளி ஏறிற்று.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. நகரப் பள்ளிக்கு மாறிய பிள்ளைகள் சிலர், தாத்தா மரம் வெட்டினார் என்று சொல்லக் கூசுவதை நான் கண்டிருக்கிறேன். வெட்டு ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோடு நின்றால் பால் வராது. அந்த அளவை அறிந்த கை படிப்பில்லாத கையா?

ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஏரியைக் காட்டுங்கள், படம் எடுங்கள். பிறகு, உங்கள் தாத்தா செய்த வேலையின் முறை பிறந்தது இந்தத் தோட்டத்தில்தான் என்று மறக்காமல் சொல்லுங்கள்.