அங்கியின் சோதனை

ஆடை மானத்தைக் காப்பது; அழகையும் தருவது. பனி மூடிய மலைச்சரிவிலோ அஃது உயிரைக் காக்கும் கவசமாகிறது. ஆல்ப்ஸ் மலைநாடுகளில் குளிர்காலம் வந்ததும் இளைஞரும் முதியோரும் நீண்ட பலகைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு, உச்சியினின்று அடிவாரம் நோக்கி விரைந்து இறங்குவர். இதனைப் பனிச்சறுக்கு என்பர். காற்று சுழியத்திற்குக் கீழ் 10 பாகை செல்சியசு குளிர்ந்திருக்கும்போது, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவனது முகத்தில் ஏறத்தாழ 22 பாகைக்குரிய குளிர் தாக்கும். உடலைச் சூழ்ந்துள்ள மெல்லிய வெப்பக் காற்றை எதிர்காற்று வாரிக்கொண்டு போவதே இதற்குக் காரணம்.

குளிர் ஒன்றுதான் பகை என்றால், கனத்த கம்பளியே போதும். ஆனால் சறுக்கி இறங்குபவனது உடல் உழைப்பினால் சூடேறி வியர்க்கிறது. இறங்கி முடித்ததும் அவன் கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலியில் அமர்ந்து மீண்டும் மேலே செல்கிறான். இத்தகைய நாற்காலி அமெரிக்க நாட்டுச் சன்வேலி என்னும் ஊரில் 1936இல் முதன்முதலாக அமைக்கப்பட்டது. அதில் அசையாது அமர்ந்திருக்கும்போது, சற்றுமுன் தோன்றிய வியர்வையே குளிர்ந்து அவனை வருத்தும். ஆகவே, அவனுடைய அங்கி வெப்பத்தைக் காக்கவேண்டும். காற்றையும் நீரையும் தடுக்கவேண்டும். உள்ளிருக்கும் வியர்வை ஆவியை வெளியேற்றவும் வேண்டும். நீரை உள்ளே விடாத துணி ஆவியை வெளியே விடுவது எங்ஙனம்? இம்மூன்றையும் ஓர் அங்கியில் இணைப்பது எளிதன்று.

இத்தகைய அங்கிகளின் வரலாற்றில் ஜார்ஜ் ஃபிஞ்ச் என்பாருக்குச் சிறந்த இடம் உண்டு. 1888இல் ஆஸ்திரேலியாவிற் பிறந்த அவர், சூரிக் நகரில் இரசாயனம் பயின்றவர். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறிப் பழகியவர். 1922இல் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் குழுவில் அவரும் ஒருவர். உடன் சென்றோர் கம்பளியும் பட்டும் பருத்தியும் அடுக்கடுக்காக உடுத்தினர். ஃபிஞ்சோ, பலூன் செய்வதற்குரிய நெருக்கமான துணியை இரு மடிப்பாக்கி, இடையே ஈடர் வாத்தின் மென்தூவியை நிரப்பித் தைத்த நீண்ட அங்கி ஒன்றைத் தாமே வகுத்துக் கொண்டு வந்தார். அதன் தோற்றத்தைக் கண்டு தோழர்கள் நகைத்தனர். அவர் சொல்லாடவில்லை, தீர்ப்பை மலைக்கே விட்டுவிட்டார்.

மலையும் கடுமையான சோதனையையே வைத்தது. ஃபிஞ்ச், ஜெஃப்ரி புரூஸ், கூர்க்கா வீரர் தேஜ்பீர் ஆகிய மூவரும் ஏறத்தாழ 25,500 அடி உயரத்திற் சிறு கூடாரம் அமைத்துத் தங்கினர். இரவில் புயல் எழுந்தது. கூடாரத்தைக் காற்று பெயர்த்துச் செல்லாதபடி அவர்கள் விழித்திருந்து காக்க நேர்ந்தது. மறுநாளும் அங்கேயே கழிந்தது, உணவும் குறைந்தது. ஆயினும் மே 27ஆம் நாள் அவர்கள் மேலே புறப்பட்டனர். தேஜ்பீர் இடையில் திரும்பினார். ஏனை இருவரும் ஏறத்தாழ 27,300 அடியை எட்டினர். அதுவரை மனிதர் எவரும் மலைமீது அத்துணை உயரம் சென்றதில்லை. நகைத்தவர்களே பின்னர் அந்த அங்கியை விரும்பி நோக்கினர்.

இதனை அங்கியின் வெற்றி என்று மட்டும் கூறிவிடுதல் முறையாகாது. அவர்கள் பிராணவாயுவையும் சுவாசித்தனர். உடலுக்குச் சூடு அளித்ததில் அதற்கும் பங்கு உண்டு. புரூசின் பாதங்களையோ கடுங்குளிர் தாக்கிப் புண்படுத்திவிட்டது. ஒரு சோதனை எதனை மெய்ப்பித்தது, எதனை மெய்ப்பிக்கவில்லை என்று பிரித்தறிவதும் சோதனையின் ஒரு பகுதியே ஆகும்.

தூவிக்கு அத்துணை ஆற்றல் எங்கிருந்து வந்தது? அசையாத காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. தூவியின் நுண்ணிய இழைகள் அக்காற்றைச் சிறுசிறு அறைகளாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. எனவே, அங்கியை அணிந்தவனுக்கு வெப்பம் காப்பது தூவியினுள் அடைபட்ட காற்றே. ஆனால் தூவி நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கும்; காற்று இருந்த இடத்தை நீர் பற்றிக்கொள்ளும்; அங்கி பயனற்றதாகும். எவரெஸ்ட் உச்சியருகே பனி உலர்ந்த பொடியாக இருக்கும். தாழ்ந்த மலைச்சரிவுகளிலோ அஃது உருகி ஆடையில் ஊறும்.

இக்குறையை நீக்கும் வழி ஒன்று 1969இல் தோன்றியது. அமெரிக்கரான ராபர்ட் கோர், பாத்திரங்களில் உணவு ஒட்டாதிருக்கப் பூசப்படும் டெஃப்லான் இனப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தார். அஃது எண்ணற்ற நுண்துளைகள் உடைய மெல்லிய ஏடாக நீண்டது. அத்துளைகள் நீர்த்துளி நுழைய இயலாத அளவு சிறியன. நீராவி செல்லப் போதுமான அளவு பெரியன. இவ்வேட்டினைத் துணியோடு சேர்த்து ஒட்டியபோது மழையைத் தடுத்து வியர்வை ஆவியை வெளிவிடும் ஆடை உருவாயிற்று.

இன்று ஓர் அங்கியைச் சோதிப்போர் முதலில் ஆய்வுக்கூடத்திற்குச் செல்கின்றனர். துணியை இறுகப் பொருத்தி, அதன்மேல் நீரின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவர். மறுபுறத்தில் மூன்று இடங்களில் நீர் கசிந்ததும் அப்போதைய அழுத்தத்தை நீர்த்தூணின் உயரமாகக் குறிப்பர். 10,000 மில்லிமீட்டர் என்று குறிக்கப்பட்ட துணி, ஒரு தென்னையின் உயரமுள்ள நீர்த்தூணைத் தாங்கவல்லது. ஈரப்பனிமேல் விழுந்தவனது உடற்பாரம் நீரை ஆடையினுள் அழுத்துமாதலின், இவ்வளவு வலிமை தேவைப்படுகிறது. துணி நன்றாயிருந்தும் தையல் கெடுத்துவிடக்கூடும். ஊசி சென்ற ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாயில். ஆதலால் தையல்களின் உட்புறத்தில் நாடா ஒட்டி அடைப்பர்.

இவ்வளவும் முடிந்தபின் அங்கி மலைக்குச் செல்லவேண்டும். கையுறை அணிந்த விரல்களால் பொத்தானையும் பல்லிணைப்பையும் திறக்க இயலுகிறதா, விழும்போது இடுப்பின் வழியே பனி புகுகிறதா, நாற்காலியில் அமர்ந்தவனுக்கு முதுகு சில்லிடுகிறதா என்பவற்றை எந்த அளவுகோலும் முழுமையாகச் சொல்வதில்லை. நாள் முழுதும் அணிந்து இறங்கியவனே சொல்லவேண்டும்.

ஃபிஞ்சின் அங்கிக்கு உடனே மதிப்புக் கிட்டிவிடவில்லை. 1924இல் சென்ற எவரெஸ்ட் குழுவில் அவருக்கு இடம் இல்லை. அக்குழுவினர் பழைய கம்பளியையும் பட்டையுமே நம்பினர். 1953இல் டென்சிங்கும் ஹில்லரியும் சிகரத்தில் நின்றபோது தூவி ஆடை அணிந்திருந்தனர். அப்போது ஃபிஞ்ச் நம் நாட்டில், புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். நகைப்பு ஒரு நாளில் ஓய்ந்துவிடும். பழக்கம் அகல ஒரு தலைமுறை வேண்டியிருக்கும். புதிய பொருளைக் கண்டவுடன் புகழ்வதும் இகழ்வதும் எளிது. பொறுமையோடு சோதித்து, கண்டதைக் கண்டவாறே கூறுதல் அரிது. அவ்வரிய செயலைச் செய்வோராலேயே அறிவு வளர்கிறது.