உபகாரமா, உரிமையா?

முன்னாளில், ஏழை மாணவன் படிப்பதற்காகத் தரப்பட்ட பணத்திற்கு ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர். இன்று உதவித்தொகை என்கிறோம், ஊக்கத்தொகை என்கிறோம். பெயர் மாறிற்று. அந்தப் பழைய பெயருக்குள்ளே இருந்த பூசல் தீர்ந்ததா? உபகாரம் வேறு, சம்பளம் வேறு. உபகாரம் செய்தவர் நன்றியை எதிர்பார்க்கிறார். சம்பளம் கொடுப்பவர் உழைப்பைக் கேட்கிறார். உபகாரம் பெற்றவன் குனிந்து நிற்கிறான். சம்பளம் பெற்றவன் நிமிர்ந்து வீடு திரும்புகிறான். எதிரும் புதிருமான இரண்டு சொற்களை ஒன்றாகக் கட்டி ஏழைப் பிள்ளையின் கையிலே கொடுத்தார்கள். எந்தச் சொல்லை அவன் ஏற்பது?

முப்பதாண்டுக் காலம் தமிழாசிரியனாக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, காவிரிக் கரை ஊரொன்றில், ஒரு நடனப் பள்ளியின் உதவித்தொகைக் குழுவில் மூன்றாண்டு அமர்ந்திருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அதைப்போல் பல உண்டு. குறையும் ஒரு பள்ளியோடு நிற்பதன்று. அந்த மூன்றாண்டில் கண்டதையும், அது என்னைப் படிக்கத் தூண்டிய பழைய செய்திகளையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

“நடனப் பள்ளியா? சோற்றுக்கே வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சலங்கை எதற்கு?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நியாயம்போலத் தோன்றும். கூர்ந்து பாருங்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கலை, ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி என்று பங்கு பிரித்தது யார்? இன்னார் இன்னதைத்தான் கற்கலாம் என்ற விதியைத்தானே எதிர்த்தோம்! அதே விதி சாதியின் உடையைக் களைந்துவிட்டுப் பணத்தின் உடையை உடுத்திக்கொண்டு வந்தால், வாசலில் நின்று வரவேற்பதா?

ஆடுபவர்க்கு ஊதியம் தருவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து மாதவியை எண்ணிப் பாருங்கள். ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அரங்கேறியவளுக்குப் பொன் வந்தது! இன்று? அரங்கேறுபவள் வீட்டிலிருந்து பொன் போகிறது. மண்டப வாடகை, பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், பட்டு உடைகள், நெற்றிச்சுட்டி முதல் ஒட்டியாணம் வரை நகைகள், ஒப்பனை, அழைப்பிதழ், விருந்து, ஆசிரியருக்குத் தட்டு நிறையக் காணிக்கை எனச் செலவு இலட்சங்களில் நிற்கிறது. மன்னன் கொடுத்த இடத்தில் தகப்பன் கொடுக்கிறான். கொடுக்கவியலாத தகப்பனின் மகள் கற்றது வீட்டுக் கூடத்தோடு முடிகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் பாருங்கள். இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்களிலிருந்து அழைத்துக் குடியமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வகுத்தான். “ஆகா, அன்றே கலைக்கு ஆதரவு!” என்று பெருமை பேசுவோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நாம் நிற்க முடியாது. பிற்காலத்தில் அத்தகைய மானியம் என்னவாயிற்று? நிலம் உண்டு, ஆனால் பொட்டுக்கட்டிக்கொண்டால்தான் உண்டு. மகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டால்தான் வயல் குடும்பத்தில் தங்கும். கலைக்குத் தந்த கூலி, பெண்ணைக் கட்டிய கயிறாயிற்று. பணம் தந்த கை, ஆளையே பிடித்துக்கொண்டது!

அந்தக் கயிற்றை அறுத்த முதல் கத்தி 1929 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம். கோயில் ஊழியத்தினின்று நிலத்தைப் பிரித்து, அந்தப் பெண்களுக்கே உரிமையாக்க அது வழி செய்தது. பின்னர் 1947 இல் பொட்டுக்கட்டும் வழக்கமே சட்டத்தால் தடுக்கப்பட்டது. இரண்டுக்கும் பின்னே நின்று போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயார் சந்திரம்மாள் அந்தக் குலத்திலே பிறந்தவர். புதுக்கோட்டையில், ஆண்கள் மட்டுமே படித்த நிலையத்தில் அந்தச் சிறுமியைச் சேர்க்கக்கூடாதென்று வைதிகர் கூச்சலிட்டனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் கூச்சலைப் பொருட்படுத்தாமல் இடமளித்தார். உபகாரச் சம்பளமும் அளித்தார். அவள் 1912 இல் மருத்துவரானாள். பின்னர்ச் சட்டமன்றம் புகுந்தாள். தன் தாயின் குலத்தைப் பிணைத்த தளையைத் தகர்த்தாள். ஒரு சிறுமிக்கு அளித்த சில ரூபாய், ஆயிரமாயிரம் சிறுமியரின் விடுதலைக்கு வித்தாயிற்று. உதவித்தொகை என்ன செய்யும் என்று கேட்போர்க்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரே நாட்டில், ஒரே கலையைச் சுற்றி, இரண்டு உதவிகள்! ஒன்று பெண்ணைக் கட்டிற்று. மற்றொன்று பெண்ணை விடுவித்தது. வேறுபாடு தொகையில் இல்லை. அதனோடு ஒட்டிவந்த நிபந்தனையில் இருக்கிறது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இன்றைய நடனப் பள்ளிக்குள் நுழைவோம்.

எங்கள் குழுவுக்கு மூன்று அளவைகள் கொடுக்கப்பட்டிருந்தன: குடும்ப வருமானம், ஆர்வம், முன்பயிற்சி. மூன்றாவதற்கே மதிப்பெண் மிகுதி. இரண்டாம் ஆண்டில் ஒரு சிறுமி வந்தாள், பன்னிரண்டு வயது, பெற்றோர் செங்கற்சூளைத் தொழிலாளர். அவளுக்கு முன்னே வந்த பிள்ளை, மூன்றாண்டு தனி ஆசிரியரிடம் கற்றவள். அலாரிப்பை அழகாக ஆடிக் காட்டினாள். இவளைக் கேட்டபோது, “எனக்கு ஒன்றும் தெரியாதுங்க ஐயா, கற்றுக்கொள்ளத்தான் வந்தேன்” என்றாள். குழுவில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேறெதற்கு வருவார்கள்?

குழுவிலே நடனம் அறிந்தவர் ஆசிரியை ஒருவர்தாம். அவர் தட்டுக்கழியை எடுத்து ஒரு தாளத்தைத் தட்டினார். மிதித்துக் காட்டச் சொன்னார். முதல் முறை பிசகிற்று. இரண்டாம் முறை பாதி வந்தது. மூன்றாம் முறை பிசகவில்லை. வேகத்தை இரட்டித்தார், அப்போதும் பிசகவில்லை. “காது இருக்கிறது ஐயா, கால் தானே வந்துவிடும்” என்றார் ஆசிரியை. ஆனால் ‘காது’ என்ற தலைப்புக்கு எங்கள் தாளில் மதிப்பெண் கிடையாது! முன்பயிற்சிக்குத்தான் உண்டு. முன்பயிற்சி என்பது என்ன? முன்னமே செலவிட்ட பணத்தின் மறுபெயர். பணம் செலவிட்டதற்குச் சான்று காட்டினால்தான் பணமில்லாதவர்க்கு உதவி என்றால், இது எந்த ஊர்க் கணக்கு?

ஆசிரியையும் நானும் வாதாடினோம். இருவருக்கும் இடம் கிடைத்தது. கட்டணம் முழுதும் தள்ளுபடி. நல்ல முடிவுதான். ஆனால் கட்டணம் என்பது வாசற்படி. வீடு அதற்கப்பால் இருக்கிறது. பயிற்சிச் சேலை வேண்டும். வாரம் மூன்று நாள் பேருந்துக்குக் காசு வேண்டும். விழா வந்தால் உடைக்கும் நகைக்கும் வாடகை வேண்டும், ஒப்பனைக்காரருக்குக் கூலி வேண்டும். மகளோடு துணைக்கு வரும் நாளில் தாய்க்குச் சூளையில் கூலி இல்லை. அந்த இழப்பை எந்த விண்ணப்பத் தாளில் எழுதுவது?

அதையும் தாங்கினார்கள். தாங்க முடியாதது ஆண்டுவிழாவில் வந்தது. உதவி பெறும் பிள்ளைகள் தனி வரிசையில் மேடையேற வேண்டும், பெற்றோரின் தொழிலும் வருமானமும் ஒலிபெருக்கியில் சொல்லப்படும், நன்கொடையாளரின் காலைத் தொட்டு வணங்க வேண்டும், படம் எடுக்கப்படும். முன்கூட்டியே மறுப்புச் சொன்னேன். நிர்வாகியின் விடை: “கொடுப்பவர் முகம் தெரிய வேண்டாமா? தெரியாவிட்டால் அடுத்த ஆண்டு யார் கொடுப்பார்?” கொடுப்பவர் முகம் தாராளமாகத் தெரியட்டும்; பெறுபவரின் வறுமையை ஏன் விளக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று கேட்டேன். விழா மாறவில்லை.

நன்கொடையாளர் கெட்டவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். பிள்ளைகளைக் கண்டு மகிழ்ந்தார், இனிப்பு கொடுத்தார். ஆனால் ஒன்று கேட்போம். பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு பெற வழி உண்டு. அதுவும் மக்கள் பணம் தரும் சலுகைதான். அந்தச் சலுகைக்காக எந்தச் செல்வராவது மேடையேறித் தம் கணக்கை ஒலிபெருக்கியில் படித்து, மக்கள் காலைத் தொட்டதுண்டா? பெரியவர் பெற்றால் சலுகை. சிறியவள் பெற்றால் பிச்சையா?

விழா முடிந்த மறுவாரம் தாய் வந்தார். அழவில்லை, சினக்கவும் இல்லை. “ஆடக் கற்றுக்கொள்ளத்தானுங்க ஐயா அனுப்பினோம்; கும்பிடக் கற்றுக்கொள்ள அனுப்பவில்லை” என்றார். மகள் பிறகு வரவில்லை. குழுவின் பதிவேட்டில், ‘ஆர்வமின்மையால் நின்றார்’ என்று எழுதப்பட்டது. அந்த வரியின்கீழ் கையெழுத்திட நான் மறுத்தேன். அடுத்த ஆண்டோடு குழுவில் என் இடமும் முடிந்தது.

பத்தாம் வகுப்பு முடித்தபின் அந்தப் பெண் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதநாட்டியப் பிரிவில் சேர்ந்தாள் என்று அறிந்து மகிழ்ந்தேன். மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. அந்தப் பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்புகளில் ஆண்டுக் கட்டணம் 350 ரூபாய் என்றும், மாதந்தோறும் 400 ரூபாய் உதவித்தொகை, இலவசப் பேருந்துப் பயணம், அரசு விடுதி வசதி என்றும் கண்டிருக்கிறேன். 400 ரூபாய் போதுமா? போதாது, விலைவாசி ஏற, தொகையும் ஏறவேண்டும். ஆனாலும், அதைப் பெற அவள் யார் காலையும் தொடவில்லை. வருகைப் பதிவு இருந்தால் பணம், அவ்வளவே. உபகாரம் உதிர்ந்து சம்பளம் நின்றது. படிப்பை முடித்தாள்.

அதற்கப்பால்? இளங்கலைஞர்களுக்கு மத்திய அரசின் திட்டம் ஒன்று உண்டு. அதன் விதிப்படி 18 முதல் 25 வயது வரையுள்ளவர்க்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் ஈராண்டு உதவி. நல்ல திட்டம். ஆனால் ஓர் ஆசிரியரிடமோ நிலையத்திலோ ஐந்தாண்டுப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்கிறது விதி. அவளிடம் இருந்ததோ மூன்றாண்டு. பன்னிரண்டு வயதில் மேடையிலிருந்து இறங்கிப்போனாளே, அந்த இடைக்காலத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது? சிறுவயதில் ஒருமுறை அடைத்த கதவு, வளர்ந்த பிறகும் அடைபட்டே நிற்கிறது. மேல்நிலை உதவி எவ்வளவு பெரிதானாலும், அடிநிலையில் உதவி இல்லையென்றால், அது ஏணியின் உச்சிப்படிக்கு மட்டும் பொன்பூசிய கதைதான்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது பெரும் புதுமையன்று. தொடக்க மாணவரிடம் முன்பயிற்சி கேளாதீர். ஒரு திங்கள் இலவசமாகப் பயிற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கட்டணத்தோடு உடையையும் பேருந்தையும் உணவையும் சேர்த்தே உதவி என்று கணக்கிடுங்கள். உடையும் நகையும் பள்ளியின் பொதுச் சொத்தாக இருக்கட்டும்; நூலகத்தில் நூல் எடுப்பதுபோல் எல்லாப் பிள்ளைகளும் எடுத்து அணியட்டும். அரங்கேற்றம் தகப்பனின் செல்வத்தைக் காட்டும் விழாவாக வேண்டாம். பள்ளியே இசைக்குழு அமைத்து, ஒரே மேடையில் பலரை அரங்கேற்றட்டும். பணம் மாணவியின் வங்கிக் கணக்குக்குச் செல்லட்டும். உதவி பெறுபவர் யார் என்பது அலுவலகத்துக்கு மட்டும் தெரிந்தால் போதும். உடன் ஆடும் பிள்ளைக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை.

வழிகாட்டல் இல்லாமலும் இல்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அந்த வாழ்வின் துயரை அறிந்து, 1936 இல் நாவலாகவே எழுதியவர். அவர் பெயரால் முதலில் திருமண உதவித் திட்டம் இருந்தது. 2022 இல் அது மாணவியரின் உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்பில் சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் செலுத்தும் ஏற்பாடாக அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று தொடங்கிற்று. தாலிக்குத் தந்த உதவி ஏட்டுக்கு வந்தது! இந்த மாற்றத்தின் பொருள் நம் நடனப் பள்ளிகளின் வாசலுக்கும் வரவேண்டும்.

இளைஞர்களே, உங்கள் ஊரில் நடனப் பள்ளி இருக்கும். அதில் உதவித்தொகையும் இருக்கலாம். ஆண்டுவிழாவுக்குச் செல்லுங்கள். ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டுங்கள். அதன் பிறகு, நிர்வாகியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உதவி யாருக்குக் கிடைக்கிறது? எதற்கெல்லாம் கிடைக்கிறது? அதற்கு ஈடாக அந்தப் பிள்ளை எதைத் தருகிறது? மூன்றாம் கேள்விக்கு, ‘உழைப்பைத் தருகிறது’ என்ற விடை வந்தால் பாராட்டுங்கள். ‘நன்றியைத் தருகிறது’ என்றால் அங்கேயே, அந்த இடத்திலேயே, வாதாடத் தொடங்குங்கள். கட்டின கயிற்றைச் சட்டத்தால் அறுத்த நாடு இது. பட்டு நூலால் மீண்டும் கட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.