எங்க ஊருக்கு டீம் இல்லை, ஸார்!

காஞ்சிபுரத்துக்குக் கை தட்டுவது என்பது எங்கள் முள்ளிப்பட்டில் லேசுப்பட்ட காரியம் இல்லை, ஸார். ஆரணியை ஒட்டிய ஊர் எங்களுடையது. தெருவில் நடந்தால் தறிச் சத்தம்தான் முதலில் வரவேற்கும். நாங்களும் பட்டுப் புடவை நெய்கிறோம், அவர்களும் அதையேதான் நெய்கிறார்கள். ஆனால், கல்யாணம் நிச்சயமான கையோடு ஜனங்கள் வேன் பிடிப்பது என்னவோ காஞ்சிபுரத்துக்கு! "நம்ம தறியிலேருந்து இறங்குன புடவை, அங்க கடை அலமாரியில ஏறுனவுடனே காஞ்சிபுரம் பட்டாயிடுதுடா" என்று என் சித்தப்பா எனக்கு விவரம் தெரிந்த நாளாகச் சொல்லி வருகிறார். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடெல்லாம் கிடைத்த பிறகும் அவர் மனசு ஆறவில்லை.

இப்படிப்பட்ட ஊருக்கு 2016ல் ஒரு தர்மசங்கடம் வந்து சேர்ந்தது. அந்த வருஷம்தான் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. எட்டு டீம். சேப்பாக்கம், திருவள்ளூர், காஞ்சி, கோவை, மதுரை, திண்டுக்கல், காரைக்குடி, தூத்துக்குடி. பட்டியலை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்துப் பார்த்தோம். எங்கள் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை இல்லை. பழைய தலைநகரான வேலூரும் இல்லை. (விழுப்புரம், கடலூர்க்காரர்களுக்கும் அதே கதிதான் என்பதில் ஓர் அல்ப சந்தோஷம்.) பக்கத்தில் இருப்பது காஞ்சி ஒன்றுதான். செய்யாறு வழியாக பஸ் பிடித்தால் போய்விடலாம். போகலாம் ஸார், ஆனால் அவனுக்கா கை தட்டுவது?

பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஊரே இரண்டாகப் பிரிந்தது. என் மச்சினன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் ஷிப்ட் போகிறவன். "சம்பளம் அந்த மாவட்டத்துல வாங்கறேன் மாமா, சப்போர்ட்டும் அந்த மாவட்டத்துக்குத்தான்" என்று முதல் நாளே காஞ்சி கட்சியில் சேர்ந்துவிட்டான். சித்தப்பாவுக்கு வந்ததே கோபம். "சோறு எங்கே திங்கறே? முள்ளிப்பட்டுலதானே!" என்றார். அவன் கேட்கவில்லை. ஆரணி பஜாரில் ஒரு பனியன் வாங்கி, முதுகில் 'காஞ்சி' என்று பெரிதாக அடித்து மாட்டிக்கொண்டு வந்தான். சித்தப்பா அன்று அவனுடன் பேசவில்லை. டீக்குக் காசும் கொடுக்கவில்லை.

வேடிக்கை அதற்கப்புறம்தான். அந்த சீசன் முடிந்ததும் காஞ்சி டீம் திருச்சி டீம் ஆகிவிட்டது! முதலாளிக்கு உரிமை, அவர் இஷ்டம். பையன் பனியனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். பொறுங்கள். 2018ல் திருவள்ளூர் டீம் பெயரை மாற்றிக்கொண்டு காஞ்சி ஆனது. பனியன் வெளியே வந்தது. சலவைகூடச் செய்தான். 2020ல் கொரோனா புண்ணியத்தில் போட்டியே இல்லை. 2021ல் மறுபடி தொடங்கியபோது, அந்தக் காஞ்சி திருநெல்வேலிக்குப் போயிருந்தது! அதாவது திருவள்ளூர், காஞ்சி, நெல்லை என்று ஐந்தாறு வருஷத்தில் மூன்று ஊர். நம்ம கவர்ன்மென்ட் ஆபீஸரைக்கூட இவ்வளவு சீக்கிரம் டிரான்ஸ்பர் செய்ய மாட்டார்கள். அந்த டீம் 2023ல் ஃபைனல் வரைக்கும் போய்க் கோவையிடம் தோற்றது. அன்றைக்கு துக்கப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் மச்சினன் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த கோலம் இருக்கிறதே, பெண் பார்க்கப் போய் ஜாதகம் பொருந்தாமல் திரும்பினவன்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டான்.

அவன் கஷ்டமாவது பரவாயில்லை. தூத்துக்குடிக்காரரை நினைத்துப் பாருங்கள். முதல் வருஷமே சாம்பியன். அடுத்த வருஷம் ஃபைனல். அப்படிப்பட்ட டீம் சேலத்துக்குப் போய்விட்டது. காரைக்குடியின் காளையும் அதே சமயத்தில் திருப்பூருக்கு ஓட்டிக்கொண்டு போகப்பட்டது. 2025ல் அந்தத் திருப்பூர் டீம், திண்டுக்கல் மைதானத்திலேயே திண்டுக்கல்லைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. காரைக்குடியில் அன்று ராத்திரி யாராவது வெடி வெடித்திருப்பார்களா? வெடித்திருந்தால் எந்தக் கணக்கில்?

டீக்கடையில் இந்தக் கேள்விதான் மாதக்கணக்கில் ஓடியது. டீம் என்றால் எது? ஆட்டக்காரர்களா? அவர்களை ஆரம்பத்தில் டிராஃப்ட் முறையில் எடுத்தார்கள், 2023லிருந்து ஏலத்தில் எடுக்கிறார்கள். திண்டுக்கல் கேப்டனாக இருந்த அஷ்வின் மெட்ராஸ்காரர். சரி, மைதானமா? ஆரம்ப வருஷங்களில் மேட்ச் நடந்தது சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கத்தில் நத்தம், திருநெல்வேலி இந்த மூன்று இடத்தில்தான். காஞ்சி டீம் இரண்டு அவதாரம் எடுத்தும் காஞ்சிபுரத்தில் ஒரு பந்துகூடப் போட்டதில்லை. மிச்சம் இருப்பது பெயர் மட்டும். "அதான் சொல்றேன், இதுவும் நம்ம புடவை மாதிரிதான். நெய்யற ஊர் ஒண்ணு, சீட்டு ஒட்டற ஊர் ஒண்ணு" என்று சித்தப்பா முடித்தபோது, மச்சினனே வாயை மூடிக்கொண்டான்.

சித்தப்பா ரஞ்சி டிராபி ஆள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, பக்கத்தில் டிரான்ஸிஸ்டரை வைத்துக்கொண்டு, அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டபடி நாடா வீசினவர். விக்கெட் விழுந்தால் நாடா ஒரு நிமிஷம் நிற்கும். 1988ல் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு சேப்பாக்கத்தில் ரயில்வேயை ஜெயித்துக் கோப்பை வாங்கியபோது அரை முழம் நெய்யாமல் போனதாகச் சித்தி இன்றைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்.

அவருடைய குறையே வேறு. அந்தக் காலத்தில் ரஞ்சி மண்டல வாரியாக நடந்தது. தெற்கு மண்டலத்தில் தமிழ்நாடு, கர்நாடகா, ஹைதராபாத், ஆந்திரா, கேரளா, கோவா. எது தப்பினாலும் கர்நாடகாவுடன் மோதுவது தப்பாது. 1934ல் ரஞ்சியின் முதல் மேட்சே சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் ஆடியதுதான். ஒரே நாளில் முடிந்து போனது. அப்புறம் நம் பக்கம் வெங்கட்ராகவன், வி.வி.குமார், அந்தப் பக்கம் பிரசன்னா, சந்திரசேகர், விஸ்வநாத். "பொங்கல் வரும், தீபாவளி வரும், கர்நாடகா மேட்ச் வரும்" என்பார் சித்தப்பா.

2002-03 சீசனில் அந்த ஏற்பாடு போயிற்று. எலைட், பிளேட் என்று பிரித்தார்கள். தட்டு மாறிப் போனது என்று வைத்துக்கொள்ளுங்களேன். நன்றாக ஆடுகிறவன் மேலே, மற்றவன் கீழே. கீழே இருப்பவன் ஜெயித்தால் மேலே வரலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கர்நாடகா ஒரு குரூப்பில், நாம் வேறு குரூப்பில் என்று ஆகிற வருஷம் மோதலே கிடையாது. "வருஷா வருஷம் சண்டை போட்டுக்கிட்டிருந்த பங்காளியை வேற தெருவுக்குக் குடி வெச்சுட்டானுங்க. யாரோடடா சண்டை போடறது?" என்று ஒரு டிசம்பர் முழுக்கப் புலம்பினார்.

மச்சினன் விடவில்லை. "பிளேட்ல கிடந்த ராஜஸ்தான்தான் மாமா 2010-11ல ஹைதராபாத்தை 21 ரன்னுக்குச் சுருட்டிச்சு. தீபக் சஹார் பத்து ரன்னுக்கு எட்டு விக்கெட். அதே வருஷம் கப்பும் அடிச்சாங்க. மாத்தலைன்னா இந்தக் கதையெல்லாம் ஏது? மாத்தினதாலதான் 2018ல பாண்டிச்சேரிக்கே ரஞ்சி டீம் வந்துச்சு" என்றான். நியாயம்தான். ஆனால், அதே ராஜஸ்தான் அடுத்த வருஷம் சேப்பாக்கத்துக்கே வந்து ஃபைனலில் நம்மிடமிருந்து கோப்பையைத் தட்டிக்கொண்டு போனதை அவன் சொல்லவில்லை. சித்தப்பா ஞாபகப்படுத்தினார்.

பழைய பகை சும்மா போகுமா? வேறு வாசல் வழியாக வந்தது. 2019 டிசம்பரில் சையத் முஷ்டாக் அலி ஃபைனலில் கர்நாடகாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். 2021 நவம்பரில் அதே ஃபைனல், அதே கர்நாடகா. கடைசிப் பந்துக்கு ஐந்து ரன் வேண்டும். ஷாருக்கான் (நம்ம ஷாருக்கான், பம்பாய்க்காரர் இல்லை) ஒரு சிக்ஸர் விட்டார். அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லாத் தறியும் நின்றது. சித்தப்பா பேசவே இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டார், சளி என்றார்.

இதெல்லாம் நம்ம ஊர் அக்கிரமம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேனேஜரின் பையன் கலிபோர்னியாவில் இருக்கிறான். லீவில் வந்தவன் ஒரு கதை சொன்னான். அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பாலுக்குத்தான் வெறி பிடித்த கூட்டமாம். அங்கே பசிபிக் கரையோரக் காலேஜ்கள் 1915லிருந்து ஒரு கூட்டணி வைத்து ஒருவரோடு ஒருவர் ஆடி வந்திருக்கிறார்கள். டி.வி. பணம் அதிகம் கிடைக்கிற இடம் தேடி ஒவ்வொன்றாகக் கழன்று, 2024ல் பன்னிரண்டில் பத்து காலேஜ் வெளியேறிவிட்டன. மிஞ்சியது இரண்டு. கழன்றதில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்த இடம் எது தெரியுமா? 'அட்லாண்டிக் கடற்கரை' கூட்டணி! இந்தக் கடலோரம் குடியிருந்துகொண்டு அந்தக் கடலோரச் சங்கத்தில் மெம்பர். நாகப்பட்டினத்துக்காரரைக் கொண்டுபோய் மங்களூர் மீனவர் சங்கத்தில் சேர்த்த மாதிரி. சித்தப்பாவிடம் சொன்னேன். "அங்கேயும் முதலாளிதானா?" என்று மட்டும் கேட்டார்.

நமக்கும் அனுபவம் இல்லாமலில்லை. சென்னை சூப்பர் கிங்ஸை 2016, 2017 இரண்டு வருஷம் தள்ளி வைத்தபோது, தோனி புனேக்கு, ரெய்னா குஜராத்துக்கு என்று பாகப்பிரிவினை ஆனதே! 2018ல் திரும்பி வந்தார்கள். காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே மேட்சோடு சரி, மிச்சம் புனேயில். ரசிகர்கள் தனி ரயில் ஏறிப் புனேக்குப் போனார்கள். போகிறவனுக்கு ரயில் இருந்தது. எங்கள் ஆரணி டவுனில் நின்று விசாரித்தால், ரயிலடிக்கே பஸ்ஸில்தான் போக வேண்டும்.

இடம் மாற்றி எழுதப்படுவது எங்களுக்குப் புதிதும் இல்லை. வட ஆற்காடு மாவட்டம் என்றிருந்தோம். 1989ல் பிரித்துத் திருவண்ணாமலைப் பக்கம் தள்ளினார்கள். பார்லிமென்ட்டுக்கு வேறு தொகுதியில் ஓட்டுப் போட்டோம். 2009ல் ஆரணியே தொகுதி ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் விலாசம்தான் மாறியது, தறி அதே இடத்தில்தான் இருக்கிறது. டீம்காரர்களுக்கு அது எதிர்மாறு. விலாசத்தை நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். ரசிகனால் அது முடிவதில்லை, ஸார். அவன் குடும்பம், கடன், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே ஊரில்.

இந்த விவாதத்தில் எதிர்க்கட்சியும் ஒன்று உண்டு: என் அக்கா பையன். இடது கை வேகப்பந்து. பத்தொன்பது வயசு. அப்பனுக்கு அவன் தறியில் உட்கார வேண்டும் என்று ஆசை. அவனுக்கோ சுவரில் ஒரே ஒரு படம், நடராஜன் படம். "சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி மாமா. அவங்கப்பாவும் புடவை நெய்யற இடத்துல கூலி வேலைதான். 2016ல சேலத்துக்கு டீமே கிடையாது. அவரு திண்டுக்கல்லுக்குத்தான் ஆடினாரு. அடுத்த வருஷம் ஐ.பி.எல்.ல மூணு கோடி. 2021 ஜனவரியில பிரிஸ்பேன்ல டெஸ்ட் மேட்ச். ஊருக்கு டீம் இருந்தாத்தான் முன்னுக்கு வரணுமா?" என்று கேட்டான்.

சித்தப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்த நடராஜன் பின்னாளில் ஆடியது திருப்பூருக்கு. அதாவது பழைய காரைக்குடிக்கு! ஆடுகிறவனுக்குப் பனியனில் என்ன எழுத்து இருந்தால் என்ன, பந்து கையில் வந்தால் போதும். பார்க்கிறவனுக்குத்தான் எழுத்து முக்கியம். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருப்பதால்தான் டீக்கடைக்காரருக்கு வியாபாரம் ஓடுகிறது.

ஆரணிக்கு ஒரு டீம் கொடுத்தால் என்ன பெயர் வைப்பது என்றுகூட ஒரு மழை நாளில் பேசினோம். 'ஆரணி நாடா' என்றான் ஒருத்தன். வேகமாகப் போய் வேகமாகத் திரும்பும் என்று விளக்கம் வேறு. பெவிலியனுக்குத் திரும்பினால் என்ன செய்வது என்று அதை ஒத்தி வைத்தோம். 'ஜரிகை லெவன்' என்றார் இன்னொருவர். இப்போது ஜரிகை விற்கிற விலைக்கு எந்த முதலாளியும் வர மாட்டார் என்று அதுவும் தள்ளுபடி.

அக்கா பையனுக்கு சென்னையில் ஒரு கீழ் டிவிஷன் கிளப்பில் இடம் கிடைத்திருக்கிறது. மேட்சுக்கு முதல் நாள் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு ஆரணியில் பஸ் ஏறுகிறான். கிளப்பின் பெயரில் எந்த ஊரும் இல்லை, எங்களுக்கு வாயிலும் நுழையவில்லை. அப்பன்காரன் முறைத்துக்கொண்டே சார்ஜுக்குக் காசு கொடுக்கிறார். மேட்ச் அன்றைக்கு மத்தியானம் சித்தப்பா தறியை நிறுத்திவிட்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்.

"போன் பண்ணினியா?"

"பண்ணினேன் சித்தப்பா. நம்ம பக்கம் பௌலிங்காம்."

"யாரோட மேட்ச்?"

"தெரியலை. கேக்கறதுக்குள்ள வெச்சுட்டான்."

"அது கிடக்கட்டும். எத்தனை விக்கெட்?"