உண்ணக் கொடுங்கள்

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளர்க்கு நற்கருணை கொண்டு செல்வது நமது வழக்கம். மஞ்சூரில் மூடுபனி விலகாத அத்தகைய காலையொன்றில், தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வாழும் முதியவர் ஒருவரைக் காணச் சென்றோம். பக்கவாதத்தால் அவரது வலக்கையும் வலக்காலும் சோர்ந்து மூன்று திங்கள் ஆகியிருந்தன. செல்லுந்தோறும் அவர் மெலிந்து வருவதைக் கண்டோம். நோயின் இயல்பு என்றெண்ணிப் பொறுமையைப் போதித்துத் திரும்பினோம்.

அன்று நற்கருணையை நாவில் வைத்ததும் அவருக்குப் புரையேறிற்று. "தண்ணி குடிச்சாலும் இப்படித்தான் சாமி. அதனாலே ரெண்டு வேளை கஞ்சித்தண்ணியோட நிறுத்திட்டேன். முட்டை, தயிரெல்லாம் வாதத்துக்கு ஆகாதுன்னு சொன்னாங்க" என்றார் துணைவியார். அன்பினாலேயே அந்த அம்மையார் கணவரைப் பட்டினி போட்டிருந்தார். நாமோ கண்ணிருந்தும் காணாதிருந்தோம்.

மருத்துவர் ஒருவரை அணுகி விவரம் கேட்டோம். பக்கவாதம் கைகால்களை மட்டுமன்று, விழுங்கும் தசைகளையும் தாக்குவதுண்டு. அப்போது உணவும் நீரும் மூச்சுக்குழலுள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். சிலருக்கு இருமலே வராமலும் இது நிகழும். தண்ணீரைவிடக் கெட்டியான கூழ் பலருக்கு எளிதாக இறங்கும். எனினும், எவருக்கு எது தகும் என்பதை மருத்துவரே சோதித்துக் கூறவேண்டும். அறவே விழுங்க இயலாதார்க்கு மூக்கின் வழியே குழாய் வைத்து உணவு செலுத்துவர்.

2003ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, ஏறத்தாழ 3000 பக்கவாத நோயாளரைக் கண்காணித்தது. தொடக்கத்திலேயே ஊட்டம் குன்றியிருந்தோரில் 100க்கு 37 பேர் ஆறு மாதங்களுக்குள் இறந்தனர். இயல்பான ஊட்டம் உடையோரில் 20 பேரே இறந்தனர். ஆயினும் விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்களைத் தேடி ஓடவேண்டியதில்லை. நன்கு உண்போர்க்கு அவற்றால் பெரும்பயன் விளையவில்லை என்பதை 2005இல் அதே குழுவினர் கண்டறிந்தனர். மெலிந்தவரைக் கண்டறிந்து ஊட்டுவதே முதன்மையானது.

அம்மையார் முறையை மாற்றினார். நோயாளரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கியபின் மறுவாய் ஊட்டினார். உணவுக்குப்பின் அரைமணி நேரம் படுக்கவிடவில்லை. கன்னத்தில் ஒதுங்கிய பருக்கைகளைத் துடைத்தார். உப்பைக் குறைத்துக் குழைத்த பருப்புச் சோறு, மசித்த முட்டை, தயிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தார். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக, இயன்முறைப் பயிற்சியும் இல்லம் தேடி வந்தது.

முதியவர் இன்னும் நடக்கவில்லை. ஆனால் இடக்கையால் கரண்டி பிடிக்கிறார். சட்டை உடலோடு பொருந்துகிறது. நற்கருணையைத் துகளளவே அளிக்கிறோம். அத்துகளிலும் ஆண்டவர் முழுமையாக எழுந்தருளியுள்ளார் அல்லவா?

யாயிரின் மகளை உயிர்ப்பித்த நம் ஆண்டவர், அடுத்ததாகச் சொன்னது என்ன? அவளுக்கு உண்ணக் கொடுக்கப் பணித்தார். அன்பர்களே, நோயாளர் இல்லத்தில் செபிக்கும் முன்னோ பின்னோ, "இன்று என்ன உண்டார்?" என்று கேட்க மறவாதீர்கள். நாம் மறந்திருந்தோம்.