அந்த ஒரு "ம்"

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை இரவு. மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் எங்கள் வீட்டுச் சன்னல்கள் ஒரு வாரமாக அடைத்தே கிடந்தன. முந்தைய திங்கட்கிழமை டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்று அறிவித்துவிட்டார்கள். நாங்கள் நான்கு பேரும் பாயில் உட்கார்ந்து குடும்ப ஜெபம் செய்துகொண்டிருந்தோம். மகளின் முறை. அவள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே நான் கண்ணைத் திறந்தேன். போனில் திறந்திருந்த சங்கீதத்தைத் தள்ளிவிட்டு, ஐபிஎல் கிரிக்கெட் ஏலத்தில் அஸ்வினைச் சென்னை அணி என்ன விலைக்கு எடுத்தது என்று பார்த்தேன். 9.75 கோடி. அது இன்றும் ஞாபகம் இருக்கிறது. மகள் அன்றைக்கு என்ன ஜெபித்தாள் என்பது என் காதில் விழவே இல்லை.

ஆமென் சொன்னதும் மனைவி என் பக்கம் திரும்பி, "அவ சொன்னதைக் கேட்டீங்கள்ல?" என்றாள்.

"ம்" என்றேன்.

அந்த "ம்"மைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

போன் விஷயத்தில் எங்கள் வீட்டுச் சட்டமெல்லாம் நான் போட்டது. எட்டு மணிக்கு மேல் பிள்ளைகள் கையில் போன் இருக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கூடாது. படுக்கையில் கூடவே கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் வகுத்த வழிகாட்டுதலைத் தேடிப் பிடித்து, சுருக்கமாகத் தமிழில் எழுதினேன். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்குள், பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். அதற்குக் கீழே, பெற்றோர் தாங்களே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதியிருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும்போது இடம் போதவில்லை என்று கத்தரிக்கோலால் அடிப்பகுதியை வெட்டினேன். வெட்டிய துண்டில் போனது அந்த வரி. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. இடம் உண்மையிலேயே போதவில்லையா என்று இன்று கேட்டால், மேலே இரண்டு விரல் அகலம் காலியாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டியவள். ஏறத்தாழ இரண்டு வருடம் அவளுக்குப் பள்ளிக்கூடம் என்பதே என் பழைய போன்தான். அதை நான் தவறு என்று சொல்லமாட்டேன், வேறு வழி இல்லை. ஆனால் வகுப்பு முடிந்த பிறகும் அதைத் திரும்ப வாங்காமல் விட்டேனே, அது என் சௌகரியத்துக்காக. அப்போது மகனுக்கு மூன்று வயது. ஒரு கையில் இட்லி, மறு கையில் கார்ட்டூன் ஓடும் போன். வாயைத் திறந்தான், ஊட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு மட்டும் சட்டத்திலிருந்து விலக்கு. காரணம், என் போனில் வேதம் இருந்தது. பாளையங்கோட்டையில் என் அம்மா ஜெப நேரம் வந்தால் ரேடியோவை அணைத்துவிட்டு, முனை மடங்கிய கறுப்பு அட்டை வேதத்தை மடியில் விரிப்பாள். அதே வேதம் என் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. எடுக்கவில்லை. "தரங்கம்பாடியில் 1715இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு இன்று உள்ளங்கைக்குள் வந்துவிட்டது" என்று சபையின் வாலிபர் கூட்டத்தில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். சொன்ன விஷயம் சரி. அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டது தவறு.

அந்த ஏல வாரத்திலேயே ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சபை வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியை முதலில் போட்டவன் நான். "பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம்" என்று ஒரு வரியும் சேர்த்துப் போட்டேன்.

டிசம்பரில் பள்ளி மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கிய நாள். காலையில் மகள் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். "ராத்திரியெல்லாம் போன் பார்த்தா வயிறு வலிக்காம என்ன செய்யும்?" என்று கத்தினேன். அவள் முந்தின இரவு போனைத் தொடவே இல்லை. எழுந்து உட்கார்ந்து, ஷூ லேஸைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான் ஜெபத்துலயே சொன்னேனேப்பா."

என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டதாக ஏற்கெனவே சொல்லிவிட்டவன் நான். அன்று மாலை மனைவிதான் சொன்னாள். வகுப்புத் தோழிகள் ஒரு குழு ஆரம்பித்து இவளை மட்டும் சேர்க்கவில்லை. பள்ளி திறந்தால் பஸ்ஸில் தன் பக்கத்தில் உட்கார யாராவது ஒருத்தி வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறாள். தன் பயத்தை எங்களிடம் நேராகச் சொல்லத் தெரியாத பிள்ளை, அம்மாவும் அப்பாவும் கேட்கிற இடம் என்று நம்பி அதை ஜெபத்தில் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் அரையடி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாள் கழித்துத்தான் அவளிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு நீ ஜெபிக்கிறப்போ நான் கிரிக்கெட் பார்த்துட்டு இருந்தேன்மா. கேட்டேன்னு அம்மாகிட்ட சொன்னது பொய்." அவள் அழவில்லை. "தம்பி அப்பவே பார்த்தான்ப்பா, எங்கிட்ட சொன்னான்" என்றாள். ஏழு வயதுப் பையன் கண் திறந்து பார்த்திருக்கிறான். பத்து நாளுக்கு மேல் இரண்டு பேரும் அதை எனக்காக மறைத்து வைத்திருந்தார்கள்.

இப்போது எட்டு மணிக்கு என் போனும் வாசலோரச் செருப்பு ஸ்டாண்டின் மேல் தட்டுக்குப் போகிறது. அம்மாவின் வேதம் உறையிலிருந்து வெளியே வந்துவிட்டது. வெட்டிய வரியைத் தனியாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஜெபத்தின் நடுவே கை தானாகச் சட்டைப் பையைத் தடவுகிறது, இன்னும் நிற்கவில்லை.

மகள் பாடுகிறாள், தன் முறைக்கு வசனம் வாசிக்கிறாள். ஜெபிக்கும் முறை வரும்போது மட்டும், "நான் மனசுக்குள்ள பண்ணிட்டேன்ப்பா" என்கிறாள். தம்பி என்னைப் பார்க்கிறான். நான் பரமண்டல ஜெபத்தைத் தொடங்குகிறேன். அதில் அவள் குரலும் சேர்ந்து வருகிறது.