காயல் கரையின் தையல்காரர்கள்

ஆலப்புழை,
ஜூலை மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இத்தனை வருடமாக இருக்கை தைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்குக் காயலையும் தென்னையையும் வர்ணித்து எழுதினால், பாதியிலேயே மடித்து வைத்துவிடுவீர்கள். எனவே இந்தக் கடிதம் உங்கள் தொழிலைப் பற்றியது. அதே ரெக்சின், அதே ஃபோம், அதே தையல் மிஷின்தான். தண்ணீர் மேல் வந்ததும் எல்லாம் வேறு வேலையாகிவிடுகிறது.

புன்னமடைக் காயல் கரையில் காலை 9 மணிக்கு நின்று பார்க்க வேண்டும். இரவு தங்கியவர்கள் பெட்டிகளோடு படகு வீடுகளிலிருந்து இறங்குகிறார்கள். அடுத்த கூட்டம் நண்பகல் 12 மணி வாக்கில் ஏறிவிடும். நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரம்தான் பராமரிப்புக்காரர்களுக்குச் சொந்தம். ஒருவர் தண்ணீரில் இறங்கி, இயந்திர விசிறியில் சுற்றிக்கொண்ட ஆகாயத்தாமரையை அறுத்தெடுக்கிறார். இன்னொருவர் டீசல் வடிகட்டியைக் கழற்றுகிறார். குஷன்காரர் கிழிந்த மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மாற்று உறை ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறார். படகிலேயே உட்கார்ந்து நிதானமாகத் தைக்க இங்கே யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. மாலை 5.30 மணிக்கு மேல் மீனவர்கள் வலை விரிப்பதால் படகு வீடுகள் கரையோரம் கட்டப்பட்டுவிடும். ஆனால் அப்போது உள்ளே விருந்தாளிகள் இருப்பார்கள்.

இந்தத் தண்ணீர், நெடுஞ்சாலையைப் போலவே அரசு அறிவித்த வழி. கோட்டப்புறத்திலிருந்து கொல்லம் வரை 168 கிலோமீட்டர் நீளும் மேற்குக் கடற்கரைக் கால்வாய், பக்கத்துக் கால்வாய்கள் இரண்டோடு சேர்த்து 1993இல் தேசிய நீர்வழி 3 ஆனது. குட்டநாட்டில் வயல்கள் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. பல வீடுகளுக்கு வாசலே தண்ணீரில்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் எல்லாவற்றுக்கும் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள்தான் டவுன் பஸ். மேலே, ஸ்ராங்க் எனப்படும் படகோட்டி சுக்கானைப் பிடித்தபடி மணிக்கயிற்றை இழுக்கிறார். கீழே இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் டிரைவர் மணியோசையை எண்ணி வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். சுற்றுலாப் படகு ஒருநாள் நின்றால் முதலாளிக்கு வருமானம் போகும். துறையின் படகு நின்றால் ஒரு தீவே வீட்டோடு முடங்கிப்போகும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். படகு இருக்கைக்குக் கேடு கீழேயுள்ள காயலிலிருந்து வருவது குறைவு. சாய்வாக அடிக்கும் மழை, ஈரத் துணியோடு வந்து உட்காரும் பயணி, நாளெல்லாம் காயும் வெயில், இரவெல்லாம் தங்கும் ஈரக்காற்று இவைதான் அதை அழிக்கின்றன. கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சாதாரண ஃபோம் அந்த நீரைக் குடித்தால் எளிதில் விடாது. மேலே ரெக்சின் பளபளவென்று இருக்கும்; உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். கைதேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது அடிப்பக்கத்தைத்தான். மெத்தையின் கீழ்த்துணியை வலைத்துணியாக வைத்து, அது உட்காரும் பலகையில் துளைகள் போட்டு, நீர் வடியவும் காற்று ஏறவும் வழி விடுகிறார்கள். நீரை உறிஞ்சாத மூடிய அறை ஃபோம் உண்டு, ஆனால் அது கெட்டி. நெடுநேரம் உட்கார இதமாக இருக்காது. பெரிய துளைகளோடு நீரை அப்படியே கீழே விட்டுவிடும் ஃபோமும் உண்டு, அதற்கு விலை அதிகம். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும், நைலான் வெயிலில் வலுவிழக்கும். அதனால் பாலியெஸ்டர் நூல். இரும்பு ஸ்டேப்பிள் துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறையாக ஊறும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஜிப்பின் பற்கள் பிளாஸ்டிக்.

இத்தனையும் தெரிந்த ஆளிடம் வந்து, 'மேலே பளிச்சென்று இருந்தால் போதும்' என்று விலையைக் குறைக்கச் சொல்பவர்கள் இங்கேயும் உண்டு. அது தவறான கணக்கு. இரண்டு மழைக்காலம் தாங்காத மெத்தைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

தைத்தது மெத்தை மட்டுமல்ல, படகும்தான். சுமார் 30 டன் வரை நெல் ஏற்றிய பழைய கெட்டுவள்ளங்கள்தான் 1990களில் படகு வீடுகளாக மாறின. அவற்றின் உடலில் ஆணி இல்லை. நம் குமரி மாவட்டத்தில் அயினி என்கிறார்களே, அந்த மரப் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, இணைப்பின் மேல் தேங்காய் நாரைத் திணித்து, துளை வழியே கயிறு கோத்து இறுக்குகிறார்கள். பிறகு முந்திரித் தோட்டு எண்ணெய் பூசுகிறார்கள். ஆணி துருப்பிடித்தால் பலகையையும் கெடுத்துவிடும். கயிறு இற்றுப்போனால் அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம், பலகை பிழைத்துக்கொள்ளும். பழுதுபார்ப்பதை மனத்தில் வைத்தே செய்த படகு இது. இவ்வளவு அறிவான அமைப்பை வேறெங்கும் எளிதில் காண முடியாது.

அந்த நாரும் இந்த ஊர் நார்தான். பழைய முறையில் தேங்காய் மட்டையைக் காயலோரம் ஆறு முதல் பத்து மாதம் ஊறப்போட்டு அடித்தெடுப்பார்கள். லிக்னின் என்ற பொருள் அதில் மிகுதி என்பதால் சீக்கிரம் மக்காது. 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் இங்கே கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார்; கயிறு வாரியத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இன்றும் பக்கத்துக் கலவூரில் இருக்கிறது. ரப்பர் தெளித்த நார் மெத்தைக்குள் காற்று புகுந்து வெளியேறும் என்பதால் படுக்கையறைகளுக்கு அதுவே பொருந்துகிறது. ஃபோமை முன்தளத்து இருக்கைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மழைக்காலத்தில் பயணிகள் குறைவதால் பெரிய வேலைகள் இப்போதுதான் நடக்கின்றன. அடியில் உருளைகளைக் கொடுத்து, செயின் பிளாக்கால் மெல்ல இழுத்து, படகைக் கரையேற்றுகிறார்கள். சில படகுகளின் அடிக்கு ஃபைபர் பூசுகிறார்கள். மரம் நன்றாகக் காய்வதற்குள் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, வெளியே தெரியாமல் பலகை உளுத்துவிடும். அவசரப்படுத்தும் உரிமையாளரிடம் 'காயட்டும்' என்று உறுதியாகச் சொல்கிற ஆசாரியை நம்பலாம்.

நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகளும் மாறிவருகின்றன. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியிலிருந்து 'ஆதித்யா' ஓடுகிறது. 75 பேர் ஏறும் சூரிய மின்படகு. நாட்டில் இவ்வகையில் முதலாவது. அதற்கு டீசல் மெக்கானிக் போதாது, பேட்டரி தெரிந்தவர் வேண்டும்.

கவலைப்பட வைப்பது தீதான். கூரை மூங்கிலும் பாயும், பின்பக்கத்தில் கேஸ் அடுப்பு, நடுவில் ஃபோம். ஃபோம் பற்றிக்கொண்டால் நொடியில் பரவும், அதன் புகை நஞ்சு. படகு வீடுகள் தீப்பிடித்த சம்பவங்கள் ஆலப்புழையில் நடந்திருக்கின்றன. பஸ் பாடிக்கான ஏஐஎஸ் 052 விதிப்படி, எளிதில் தீப்பிடிக்காத இருக்கைப் பொருள்களைத்தானே நீங்கள் பயன்படுத்துகிறீர்கள்? அவற்றில் ஈரத்தையும் தாங்கும் ரகம் எது, எந்தக் கடையில் கிடைக்கும், மீட்டர் என்ன விலை என்று விவரமாக எழுதுங்கள். முடிந்தால் கையகலத் துண்டுகள் நாலைந்து தபாலில் அனுப்புங்கள். இங்குள்ள குஷன்காரர்கள், ஒரு மழைக்காலம் முழுக்கக் கரையில் வெளியே போட்டுச் சோதித்துப் பார்க்கத் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்