ஓர் அடி உயரம்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை ஓடும் பறக்கும் ரயில் தடத்தின் நீளம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர். 1995இல் சேப்பாக்கம், 1997இல் திருமயிலை, 2007இல் வேளச்சேரி என்று கட்டம் கட்டமாக நீண்ட தடம் இது. சில ரூபாய்க் கட்டணத்தில் பாரிமுனைப் பக்கத்திலிருந்து தென்சென்னைக்குக் கொண்டுசேர்க்கும் இந்த வண்டி, கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பெரிய துணை. அதே தூரத்தை ஆட்டோவில் போனால் செலவு நூற்றுக்கணக்கில் ஆகும். சக்கர நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் அந்த ஆட்டோவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஏன் என்பதை நிலையம் நிலையமாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

கடற்கரை நிலையத்தில் தண்டவாளம் தரையோடு கிடக்கிறது. ஆனாலும் முதல் தடை இங்கேயே தொடங்கிவிடுகிறது. உயர் நடைமேடைக்கு ரயில்வே வகுத்த அளவு தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர். மின்சார ரயில் பெட்டியின் தளமோ ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையில் ஓர் அடிக்கும் மேலான ஏற்றம். போதாததற்கு ஓர் இடைவெளி. சாய்தளத்தின் விதி, 1 அடி உயர 12 அடி நீளம் வேண்டும் என்பது. வண்டி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் 12 அடிப் பலகையை யார் போட்டு எடுப்பது? ஆகவே இரண்டு பேர் ஆளோடு நாற்காலியைத் தூக்கி ஏற்றுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பெட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் ஏறவும் அடுத்தவர் கை வேண்டும்.

இது தீர்க்க முடியாத சிக்கல் அன்று. இதே ஊரில் 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டம். யாரையும் கூப்பிடாமல் நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம்.

பூங்கா நகர் நிலையத்துக்கு அருகே, கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் என்ற குடிசைப் பகுதி இருந்தது. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த வீடுகளைத் தடத்தின் மறுமுனையில் பார்ப்போம்.

பூங்கா நகரைத் தாண்டியதும் தடம் தூண்கள்மேல் ஏறிவிடுகிறது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களும் மெரினாவை ஒட்டியவை. மணலில் சக்கரம் புதையும் என்பதால் கடலைத் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். பல ஆண்டுகள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள்கள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். 2022 நவம்பர் 27 அன்று நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. அலை காலில் படும் இடம்வரை போய்வந்தவர்களின் மகிழ்ச்சியை ஊரே பார்த்தது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சீரமைத்தார்கள். அந்தப் பாதை மதிப்புமிக்கது. ஆனால், ரயிலில் வந்து இறங்கி அதுவரை போவதுதான் பாடு. இருசக்கர வாகனங்கள் ஏறாமலிருக்க நடைபாதை வாயில்களில் நட்டுவைக்கும் குட்டைத் தூண்கள், முதலில் தடுப்பது சக்கர நாற்காலியைத்தான்.

திருமயிலை நிலையம் பல அடுக்குக் கட்டடம். இதைப் போன்ற உயர் நிலையங்களுக்குப் போவதற்கு முன் சக்கர நாற்காலியில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “லிஃப்ட் ஓடுதா?” எஸ்கலேட்டர் அவருக்குப் பயன்படாது. ஏறும் நிலையத்தில் லிஃப்ட் ஓடி, இறங்கும் நிலையத்தில் நின்றுபோயிருந்தால் நடைமேடையிலேயே சிறைப்பட வேண்டியதுதான். நடக்கிறவருக்குப் பழுதான லிஃப்ட் ஒரு சலிப்பு. இவருக்கோ அன்றைய வேலை, மருத்துவம், தேர்வு எல்லாமே போய்விடும்.

கோட்டூர்புரத்தில் இருக்கிறது வித்யாசாகர். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக 1985இல் தொடங்கிய இந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நகரத்தின் பேருந்துக்கும் நிலையத்துக்கும் கடற்கரைக்கும் இடைவிடாமல் குரல் கொடுத்திருக்கிறார்கள். இவர்களைப் போன்ற பலர் தெருவிலும் நீதிமன்றத்திலும் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மாநகருக்கு வந்தன. நிறுத்தத்தில் பக்கவாட்டில் தாழ்ந்து, சாய்தளம் விரிக்கும் வண்டிகள் அவை.

திருவான்மியூரும் தரமணியும் கணினி நிறுவனங்களின் பகுதி. பளபளக்கும் வளாகங்களுக்குள் சாய்தளமும் தனிக் கழிப்பறையும் இருக்கின்றன. படித்துத் தேர்வாகி வேலையும் பெற்ற ஒருவர், நிலையத்துக்கும் அலுவலக வாசலுக்கும் இடைப்பட்ட தூரத்தில் தோற்றுப்போகலாகாது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்ற கண்ணிகளால் பயனில்லை.

அடுத்து வேளச்சேரி. இங்கே தடை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு வீடுகளை உயர்த்திக் கட்டுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் 3 அடி உயர்ந்த வாசலுக்கு 36 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அதற்குப் பெரும்பாலான மனைகளில் இடம் விடுவதில்லை. அடுக்ககங்களில் தரைத்தளம் காருக்குப் போய்விட்டது. பல மூன்று மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. வாடகைக்கு வீடு தேடுபவர் கையில் அளவுநாடாவோடு போக வேண்டியிருக்கிறது: சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 90 சென்டிமீட்டர் வாசல் வேண்டும், குளியலறைக் கதவோ பெரும்பாலும் இரண்டரை அடி.

வேளச்சேரிக்கும் தெற்கே பெரும்பாக்கம். 20,000க்கும் மேற்பட்ட வீடுகளோடு எட்டடுக்குத் தொகுதிகள் எழுந்து நிற்கின்றன. கூவம் கரையில் குடிசை தரையோடு இருந்தது. இங்கே வீடு உறுதியானது, ஆனால் லிஃப்டை நம்பியது. அது பழுதாகும் செய்தி அடிக்கடி வருகிறது. அப்போது மேல்மாடியில் இருக்கும் சக்கர நாற்காலிக்காரர் கீழே இறங்க வழியில்லை. குடியமர்த்தும் அரசுக்கு வீடு கொடுப்பது பாதிக் கடமைதான். அந்த வீட்டிலிருந்து வெளியே வரும் வழியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் மாற்றியமைக்கச் சொன்னது. அந்தக் கெடு 2022இல் முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விதியை மீறிய கட்டடத்துக்குப் பணிநிறைவுச் சான்றை நிறுத்திவைக்கலாம், அபராதம் விதிக்கலாம் என்றும் சொன்னது.

இந்தத் தடத்தை மெட்ரோவுடன் இணைக்கும் திட்டம் பேசப்படுகிறது. வண்ணம் பூசுவதற்கும் கடை திறப்பதற்கும் முன்பாக நடைமேடையைப் பெட்டியின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு லிஃப்டுக்கும் பொறுப்பான ஆளும் பழுது நீக்கக் கெடுவும் வேண்டும். நிலையமோ குடியிருப்போ, கட்டி முடித்ததும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் தெருவிலிருந்து உள்ளே போய், யாருடைய கையும் படாமல் திரும்பி வரட்டும். அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகே பணிநிறைவுச் சான்று கொடுக்கட்டும்.